லப்பர் பந்து, மெய்யழகன்: 10ஆம் தேதிக்குள் தியேட்டரில் பார்த்துவிடுங்கள்

பால்கனி டிக்கெட்:

2024 செப்டம்பர் 20 வெள்ளி ராத்திரி லப்பர் பந்து. 27 வெள்ளி காலை மெய்யழகன். அந்த ஞாயிறு வீட்டில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு மறுபடி லப்பர் பந்து. நேற்று காந்தி ஜெயந்தி லீவு, மறுபடி மெய்யழகன். ரெண்டு வாரத்தில் நாலு தடவை தியேட்டருக்குப் போயிருக்கிறேன், வேலைக்கு வந்த பிறகு இப்படிப் போனதே கிடையாது. அடுத்த வியாழன் 10ஆம் தேதி வேட்டையன் வருகிறது, மறுநாள் ஆயுத பூஜை. வந்துவிட்டால் எங்கள் திருச்சியில் இந்த ரெண்டு படத்துக்கும் ஒரு காலைக் காட்சி மிஞ்சினாலே பெரிய விஷயம். அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன், நீளமாகத்தான் இருக்கும்.

முதலில் லப்பர் பந்து. தமிழரசன் பச்சமுத்து என்ற புது இயக்குநர், இதுதான் முதல் படம். ஆபீசில் கூட வேலை பார்க்கிற பையன் டிக்கெட் எடுத்துவிட்டு, அண்ணே வாங்க என்று இழுத்துக்கொண்டு போனான். ராத்திரிக் காட்சி, பாதி ஹால்கூட நிறையவில்லை. கெத்து என்று ஊரே கூப்பிடுகிற பேட்ஸ்மேனாக அட்டகத்தி தினேஷ் கிரவுண்டுக்குள் வருகிறார், "நீ பொட்டு வச்ச தங்கக் குடம்" ஒலிக்கிறது. 1989இல் வந்த பொன்மனச் செல்வன் பாட்டு, இளையராஜா, கேப்டன் நடித்த படம். பாதி காலியான ஹாலில் அந்தச் சத்தத்தை நான் எதிர்பார்க்கவே இல்லை. எனக்கு முன் வரிசையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், தோளில் துண்டு, எழுந்து நின்றுவிட்டார். விசில் அடிக்கவில்லை, கத்தவில்லை, சும்மா நின்றார். பாட்டு முடிந்ததும் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். விஜயகாந்த் போன டிசம்பர் 28ஆம் தேதிதான் நம்மை விட்டுப் போனார், இன்னும் வருஷம்கூடத் திரும்பவில்லை. செப்டம்பர் 5இல் வந்த கோட் படத்தில் அவரைச் செயற்கை நுண்ணறிவு வைத்துத் திரையில் கொண்டுவந்தார்கள், அதற்கும் நான் கைதட்டினேன். ஆனால் இங்கே அவர் முகம் பேசக்கூட இல்லை, ஒரு ரசிகனும் ஒரு பழைய பாட்டும்தான், அதுதான் எனக்கு உள்ளே இறங்கியது.

தினேஷைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். கல்யாண வயதில் பெண் இருக்கிற ஒரு மனிதன், வீட்டுக்குத் தெரியாமல் விளையாடப் போகிறான். மட்டையைக் கையில் வாங்கும்போது இருபது வயசுப் பையன், வீட்டு வாசலில் நுழையும்போது தப்பு செய்த பிள்ளை. இந்த ரெண்டு நடையையும் ஒரே உடம்பில் காட்டுகிறார். எதிரில் அன்புவாக ஹரிஷ் கல்யாண், பந்து வீசுகிறவர், கெத்துவின் பேட்டிங்கில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடித்து அதை வாய்விட்டுச் சொல்லியும் விடுகிறார். அதில் கிளம்புகிற ரோஷம்தான் முழுப் படமும். அந்தப் பையன் காதலிப்பது கெத்துவின் மகளை என்பது நமக்கு முன்னாலேயே தெரிகிறது, அவர்களுக்குத் தெரிய நேரமாகிறது, அந்த இடைவெளியில் தியேட்டரே சிரித்துக்கொண்டிருக்கிறது.

கெத்துவின் மனைவி யசோதையாக சுவாசிகா. டிராக்டரோடு கிரவுண்டுக்குள் இறங்குகிற காட்சி ஒன்று போதும். அவருக்கும் மாமியாராக வரும் கீதா கைலாசத்துக்கும் நடுவில் இருக்கிற பாசம் நம் சினிமாவில் நான் அதிகம் பார்க்காதது. ஞாயிறு இரண்டாம் தடவை போனபோது பக்கத்து சீட்டில் என் அம்மா, அதற்கப்புறம் என் மனைவி. அந்தக் காட்சிகளில் ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். நான் அதைப் பார்த்துவிட்டேன் என்பது அவர்களுக்குத் தெரியாது.

கடைசி மேட்ச் எப்படி முடிகிறது என்று இங்கே யாரும் எழுதிவிடாதீர்கள், தயவுசெய்து.

மெய்யழகன் பற்றி அடுத்த பதிவில் எழுதுகிறேன், அது வேறு மாதிரி விஷயம், மூச்சு வாங்கிக்கொண்டு வர வேண்டும்.

ஓபனிங் பேட்ஸ்மேன்:

அண்ணே, லப்பர் பந்து பற்றி யாராவது எழுத மாட்டார்களா என்று பத்து நாளாகக் காத்துக்கொண்டிருந்தேன். நான் பதினாலு வருஷம் ஊர் டீமில் ஆடினவன், இப்போது முட்டி போய்விட்டது. இதுவரை வந்த கிரிக்கெட் படங்களில் என் கிரிக்கெட்டே கிடையாது. அங்கே வெள்ளை டிரஸ், பச்சைப் புல், ஸ்டேடியம். எங்களுக்கு அறுவடை முடிந்த வயல், கட்டாந்தரை, ஓரத்தில் வேலிக்காத்தான் முள்.

ரப்பர் பந்து ஆடாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். புதுப் பந்து கையில் பவுடர் போல ஒட்டும், ஒரு வாசனை இருக்கும். காலையில் பனி ஈரத்தில் ஆடினால் வழுக்கும், வெயில் ஏறினால் துள்ளும், ஒரே பந்து மூன்று மணி நேரத்தில் மூன்று விதமாக ஆடும். நன்றாக அடி வாங்கினால் நடுவில் இருக்கிற கோட்டில் பிளந்து ரெண்டு கிண்ணமாக விழும். பாதி ஒருத்தன் கையிலும் பாதி பவுண்டரிக்கு வெளியேயும் போனால் அது சிக்சரா அவுட்டா என்று எங்கள் ஊரில் அரை மணி நேரம் சண்டை நடந்திருக்கிறது. இதெல்லாம் தெரிந்தவன் எடுத்த படம் என்பது முதல் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. ஃபீல்டர் நிற்கிற இடம், அம்பயர் யார் பக்கம் சாய்வான் என்று முன்கூட்டியே தெரிவது, மைக்கில் கமென்டரி சொல்கிறவன் நடுவில் நன்கொடை கொடுத்தவர் பெயரைச் சொல்வது, எல்லாமே அப்படியே.

இன்னொன்றும் இருக்கிறது. சாதி பார்த்து ஒருத்தனை டீமில் சேர்க்காமல் விடுவது. அதைப் படம் சத்தம் போட்டுச் சொல்லவில்லை, ஆனால் சொல்லாமலும் விடவில்லை. எங்கள் டீமிலும் நடந்தது. எங்களுக்கு நல்ல வேகப் பந்து ஒருத்தன் கிடைத்தான், பெயர் வேண்டாம், தெற்குத் தெரு. டோர்னமெண்ட் வந்தால் கூப்பிடுவோம், ஜெயித்துக் கொடுப்பான், ஆனால் டீம் போட்டோவில் அவன் இல்லை. போட்டோ எடுத்த அன்று அவனுக்கு யாருமே சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. படம் முடிந்து வெளியே வந்ததும் அவனுக்கு போன் போட்டேன், திருப்பூரில் இருக்கிறான். போட்டோ விஷயத்தை நானே எடுத்தேன். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், நீ ஞாபகம் வச்சிருக்கியா என்றான். அவனும் படத்தைப் பார்த்துவிட்டானாம், முதல் நாளே.

வெண்ணாற்றங்கரை:

ஓபனிங் தம்பி, அந்தக் கடைசிப் பத்தியை மூன்று தடவை படித்தேன். போன் போட்டதே பெரிய விஷயம், அதோடு விடாதீர்கள், அவரை நேரில் போய்ப் பாருங்கள்.

பால்கனி, மெய்யழகன் பதிவை சீக்கிரம் போடுங்கள். எனக்குச் சொந்த ஊர் நீடாமங்கலம் பக்கம். படத்தில் கல்யாணம் நடக்கிற ஊர்.

பால்கனி டிக்கெட்:

வந்துவிட்டேன். ஓபனிங், உங்கள் பதிவைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. நன்றி, எழுதியதற்கு.

மெய்யழகன். 96 படத்தை எடுத்த பிரேம்குமார், இசை அதே கோவிந்த் வசந்தா. கதை என்று சொன்னால் நாலு வரிதான். 1996இல் சொந்தக்காரர்களின் சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்குப் போகிற குடும்பம். அந்த வீட்டுப் பையன் அருள்மொழி, 22 வருஷம் கழித்து, தங்கை முறையாகிற பெண்ணின் கல்யாணத்துக்காக ஒரே ஒரு நாள் வருகிறான், வந்த வேகத்தில் திரும்பிவிட வேண்டும் என்று. அங்கே ஒருவர், கார்த்திதான், "அத்தான், அத்தான்" என்று ஒட்டிக்கொள்கிறார், பக்கத்தை விட்டு நகர மாட்டேன் என்கிறார். அருளுக்கு அவர் யார் என்று ஞாபகமே வரவில்லை. பெயர்கூடத் தெரியாது. கேட்கவும் கூச்சம். கடைசி பஸ்ஸும் போய்விடுகிறது. அந்த ஒரு ராத்திரிதான் படம். சண்டை இல்லை, வில்லன் இல்லை.

அருளாக வரும் அரவிந்த்சாமி இவ்வளவு அழகாக உடைந்து நான் பார்த்ததில்லை. கல்யாண மேடைக் காட்சியைச் சொல்கிறேன், இது கதையைக் கெடுக்காது. தங்கைக்குப் பரிசு கொண்டுபோகிறார். கொடுத்துவிட்டு, போட்டோவுக்கு நின்றுவிட்டு இறங்கிவிடலாம் என்றுதான் மேடை ஏறுகிறார், நாமெல்லாம் ஏறுகிற மாதிரி. அந்தப் பெண் அங்கேயே, மாப்பிள்ளை பக்கத்தில் நிற்க, வரிசையில் ஆட்கள் காத்திருக்க, பரிசைப் பிரிக்கிறது. பிரித்து அங்கேயே போட்டுக்கொள்கிறது. மேடையில் நிற்கிற அத்தனை பேரும் நேரமாகிறதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அண்ணன்காரனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. கல்யாணத்துக்குப் போய் கவரை நீட்டிவிட்டு பந்திக்கு ஓடுகிறவன் நான், சித்தப்பா மகள் கல்யாணத்தில்கூட அப்படித்தான் செய்தேன்.

அப்புறம் அந்த சைக்கிள். அருள் குடும்பம் ஊரை விட்டுப் போகும்போது விட்டுச்சென்ற சைக்கிள் ஒன்று கார்த்தியின் வீட்டில் என்னவாக இருக்கிறது, அது அவர்களுக்கு என்னவெல்லாம் செய்தது என்று கார்த்தி சொல்கிற இடம். அவர் அழுதுகொண்டெல்லாம் சொல்லவில்லை, சாதாரணமாக, சிரித்த முகத்தோடு சொல்கிறார். நமக்குத்தான் தொண்டை அடைக்கிறது. நாம் மறந்துபோன ஒரு பொருளை இன்னொரு வீட்டில் துடைத்து வைத்திருக்கிறார்கள் என்றால் அதைக் கேட்கிறவன் என்ன ஆவான்?

கமல்ஹாசன் ரெண்டு பாட்டு பாடியிருக்கிறார். "போறேன் நா போறேன்" பாட்டில் அவர் குரல் கொஞ்சம் நடுங்குகிறது, வயதான குரல், அதை மெருகேற்றாமல் அப்படியே வைத்திருக்கிறார்கள். நல்ல ஸ்பீக்கர் இருக்கிற ஹாலில் கேட்க வேண்டும்.

இரவுக்காட்சி:

பால்கனி, உங்கள் ரசனை மேல் எனக்கு மரியாதை உண்டு, லப்பர் பந்து விஷயத்தில் நூற்றுக்கு நூறு உங்களோடு. மெய்யழகன் எனக்கு ஒட்டவில்லை. சனிக்கிழமை பார்த்தேன், முழு நீளம், 2 மணி 57 நிமிடம். முதல் பாதி அருமை. இரண்டாம் பாதியில் ரெண்டு பேர் உட்கார்ந்து பேசுகிறார்கள், பேசுகிறார்கள், பேசிக்கொண்டே இருக்கிறார்கள். ராஜராஜன், ஜல்லிக்கட்டு, தூத்துக்குடி, ஈழம் என்று போய்க்கொண்டே இருக்கிறது. ஒவ்வொன்றும் முக்கியமான விஷயம், மறுக்கவில்லை. ஆனால் அந்த ராத்திரிக்குள் இத்தனையையும் ஏற்ற வேண்டுமா? என்னோடு வந்தவர்கள் ரெண்டு பேர் நெளிய ஆரம்பித்துவிட்டார்கள். இப்போது படக்குழுவே 18 நிமிடத்துக்கு மேல் வெட்டியிருக்கிறார்கள். அப்படியென்றால் நீளம் என்று சொன்னவர்கள் சொன்னது சரிதானே?

இன்னொன்று, கார்த்தி இவ்வளவு நல்லவராக இருப்பது எனக்கு நம்பும்படி இல்லை.

வெண்ணாற்றங்கரை:

இரவுக்காட்சி, நம்பும்படி இல்லை என்கிறீர்கள். எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு தடவை வாருங்கள், நானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன். அப்படி ஒருவர் எங்கள் வீட்டுக்கே உண்டு. என்ன உறவு என்று கேட்டால் என் அம்மாவே யோசித்துத்தான் சொல்வார், பாட்டியின் தங்கை கொழுந்தன் வகையில் ஏதோ. எந்த விசேஷம் என்றாலும் முதல் நாள் காலையிலேயே வந்து வாழைமரம் கட்டுவார், கடைசிப் பந்தி முடிந்து பாத்திரம் எண்ணிக் கொடுத்துவிட்டுத்தான் சாப்பிடுவார். நான் சென்னைக்குக் கிளம்பும்போதெல்லாம் பஸ் ஸ்டாண்டு வரை வந்து, பஸ் கிளம்புகிற வரை ஜன்னல் ஓரம் நின்று ஏதாவது பேசிக்கொண்டே இருப்பார். எனக்கு அது ஒரு காலத்தில் தொல்லையாகத்தான் இருந்தது.

அந்தப் பக்கத்து மண் என்னவென்று படத்தில் சரியாக இருக்கிறது. தஞ்சாவூரிலிருந்து அம்மாப்பேட்டை வழியாக நீடாமங்கலம் வருகிற பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தால் ரெண்டு பக்கமும் வயல்தான், தண்ணீர் வந்த மாசமாக இருந்தால் காற்றே வேறு மாதிரி இருக்கும். ஊருக்குள் நுழையும்போது ரயில்வே கேட் போட்டிருப்பார்கள், அது எங்களுக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம், ஆம்புலன்ஸ்கூட நிற்கும். அந்த கேட்டில் நிற்கும்போதுதான் தெரிந்த முகம் ஒன்று பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்து, எப்ப வந்தீங்க, எத்தனை நாள் என்று கேட்கும். படத்தில் அந்த கேட் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கிற முகங்கள் படம் நிறைய இருக்கின்றன.

ராஜ்கிரண் அய்யாவை யாரும் சொல்லவில்லையே. மாமா என்று கூப்பிட்டதும் அவர் முகம் மாறுகிறது பாருங்கள். எனக்கு அந்த ஒரு முகத்துக்கே டிக்கெட் காசு சரியாகிவிட்டது.

பால்கனி டிக்கெட்:

இரவுக்காட்சி கேட்டது நியாயமான கேள்வி, அதற்குப் பதில் சொல்லத்தான் நேற்று இரண்டாம் தடவை போனேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 27ஆம் தேதி பார்த்தது முழுப் படம், நேற்று பார்த்தது வெட்டிய பிறகு இருக்கிற படம், கிட்டத்தட்ட 2 மணி 38 நிமிடம்.

வெட்டிய படம் வேகமாகப் போகிறது, உண்மை. என் வரிசையில் நேற்று யாரும் நெளியவில்லை, செல்போன் வெளிச்சம் ஒன்றுகூடத் தெரியவில்லை. முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு எதுவும் குறையாது. ஆனால் எனக்குக் குறைந்தது. காரணம் சொல்கிறேன். அந்த ராத்திரிப் பேச்சு நீளமாக இருந்தபோது, ஒரு கட்டத்தில் நாமே அருளைப் போல ஆகிவிடுகிறோம். முதலில் இந்த ஆள் எப்போது நிறுத்துவான் என்று தோன்றுகிறது. அப்புறம் மெல்ல மெல்ல, நிறுத்திவிடக் கூடாதே என்று தோன்ற ஆரம்பிக்கிறது. இந்த மாற்றத்துக்கு நேரம் வேண்டும், அவசரமாக வராது. யாரோ ஒருவரோடு விடிய விடியப் பேசினால் அதில் பாதி சம்பந்தமில்லாத பேச்சாகத்தான் இருக்கும், மன்னர்கள் வருவார்கள், மாடு வரும், நாட்டு நடப்பு வரும். அந்தச் சம்பந்தமில்லாத பாதியில்தான் ரெண்டு பேரும் நெருங்குவார்கள். நேற்று பார்த்தபோது அருள் விடியற்காலையில் செய்கிற காரியத்தின் கனம் ஒரு பிடி குறைந்ததாகத் தோன்றியது, அவன் ராத்திரி அவ்வளவு தூரம் போகவில்லையே என்று.

96இலும் ஒரு ராத்திரிதான், சென்னைத் தெருக்களில். அங்கே ரெண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் தெரியும், பேசாமல் இருந்தாலே நமக்குப் புரிந்தது. இங்கே ஒருவருக்கு எல்லாம் தெரியும், இன்னொருவருக்கு எதுவுமே தெரியாது. பேசித்தான் ஆக வேண்டும்.

நல்லவராக இருப்பது பற்றி. இதற்கு வெண்ணாற்றங்கரை சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்று மட்டும். நம் படங்களில் ஒருத்தன் நூறு பேரை அடித்தால் யாரும் நம்பும்படி இல்லை என்று எழுந்து போவதில்லை. ஒருத்தன் விருந்தாளிக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தால் மட்டும் சந்தேகம் வருகிறதே, ஏன் சார்?

தாமிரபரணி:

வணக்கம். நான் நெல்லை. இந்தப் பேச்சில் ஆகஸ்ட் மாசத்து ரெண்டு படங்களை விட்டுவிடக் கூடாது என்று வந்தேன். ஆகஸ்ட் 23 அன்று ஒரே நாளில் வாழையும் கொட்டுக்காளியும் வந்தன. நான் வாழையை முதல் நாளும் கொட்டுக்காளியை நாலாம் நாளும் பார்த்தேன். நாலாம் நாள் கொட்டுக்காளி எங்கள் ஊரில் ஒரே ஒரு காட்சிக்கு இறங்கிவிட்டது, ஹாலில் என்னையும் என் தங்கையையும் சேர்த்துப் பதினொரு பேர்.

வாழை எங்கள் பக்கத்துக் கதை, மாரி செல்வராஜின் சொந்தச் சிறுவயதுக் கதை. சனி, ஞாயிறு வந்தால் பிள்ளைகள் சந்தோஷப்படுவார்கள், இந்தப் பையன் சிவனணைந்தான் பயப்படுகிறான், ஏனென்றால் தார் சுமக்கப் போக வேண்டும். வாழைத்தார் சுமப்பது என்னவென்று பார்த்தவர்களுக்குத் தெரியும். தலையில் சும்மாடு வைத்தாலும் கழுத்து உள்ளே இறங்குகிற மாதிரி இருக்கும், வரப்பில் சேறு, தாரிலிருந்து பால் வடிந்து சட்டையில் கறை, அந்தக் கறை எந்த சோப்புக்கும் போகாது. என் அம்மா பதின்மூன்று வயதில் சுமந்தவர். அந்தப் படத்தை அவரோடு உட்கார்ந்துதான் பார்த்தேன். கூலியில் ஒரு ரூபாய் கூட்டிக் கேட்கிற இடம் வந்ததும் என் கையைப் பிடித்தார், படம் முடிகிற வரை விடவில்லை. அந்தக் கூடுதல் கூலியை ஈடுகட்டத்தான் ஆட்களைத் தனி வண்டியில் அனுப்பாமல் தார் ஏற்றிய லாரியிலேயே ஏற்றுகிறார்கள். அதற்கப்புறம் நடப்பதை நான் எழுத மாட்டேன். சந்தோஷ் நாராயணன் அந்த இடத்தில் கொடுத்திருப்பது இசை என்றே எனக்குத் தோன்றவில்லை, ஒப்பாரி.

கொட்டுக்காளி நேர் எதிர். பின்னணி இசையே கிடையாது. வண்டிச் சத்தம், காற்று, சேவல், அவ்வளவுதான். ஒரு பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று குடும்பமே ஷேர் ஆட்டோவிலும் பைக்கிலும் சாமியாடியிடம் கூட்டிக்கொண்டு போகிறது. சூரி தொண்டையில் சுண்ணாம்பைப் பூசிக்கொண்டு, குரல் கட்டிப்போய், கோபத்தை அடக்கி அடக்கி வருகிறார். அன்னா பென் அந்தப் படம் முழுக்கப் பேசுவதே இல்லை என்று சொல்லலாம், ஆனால் அவர் பார்க்கிற பார்வைக்கு ஆட்டோவில் இருக்கிற அத்தனை பேரும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. கால் கட்டிய சேவலும் அவளும் ஒரே வண்டியில் போகிறார்கள். ஹாலில் பதினொரு பேர் என்றேன் அல்லவா, முடிந்து விளக்கு போட்ட பிறகும் யாரும் உடனே எழுந்திருக்கவில்லை. முன்னால் இருந்த பெரியவர் ஒருவர் திரும்பி, அந்தப் பையன் கடைசியில் என்ன செய்வான்னு நீங்க நினைக்கிறீங்கம்மா என்று என்னிடம் கேட்டார். முன்பின் தெரியாத மனிதர். பத்து நிமிடம் படியில் நின்று பேசினோம். இந்த வருஷம் பெர்லின் திரைப்பட விழாவில் காட்டிய படம், எங்கள் ஊர்ப் படிக்கட்டில் நின்று அதைப் பற்றிப் பேசினோம், அது எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.

அதே நாளில் வராமல் ரெண்டு வாரம் தள்ளி வந்திருந்தால் இன்னும் கொஞ்சம் பேர் பார்த்திருப்பார்கள்.

ஓபனிங் பேட்ஸ்மேன்:

அக்கா, கொட்டுக்காளி எங்கள் ஊருக்கு வரவே இல்லை. வாழை பார்த்தேன். அந்தப் பையனும் அவன் கூட்டாளியும் ரஜினி, கமல் என்று அடித்துக்கொள்கிற காட்சியில் அப்படிச் சிரித்தேன், அதனாலேயே பின்பாதி தாங்க முடியவில்லை.

யோசித்துப் பார்த்தால் இந்த வருஷம் முதல் நாலு மாசம் தியேட்டர் பக்கம் தமிழ்ப்படத்துக்கு ஆளே இல்லை. பிப்ரவரியில் வந்த மஞ்சும்மல் பாய்ஸை நம் ஊர்க்காரர்கள் மலையாளத்திலேயே பார்த்தார்கள், குணா பாட்டுக்காக நானே ரெண்டு தடவை போனேன். ஏப்ரலில் கில்லியை மறுபடி போட்டார்கள், அது 2004 படம், அதற்குத் திருவிழாக் கூட்டம். ஜூனில் மகாராஜா வந்த பிறகுதான் புதுத் தமிழ்ப்படத்துக்கு வாய்வழியாகவே கூட்டம் சேர ஆரம்பித்தது. ஒரு குப்பைத்தொட்டியைக் காணோம் என்று ஒருத்தன் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறான், அவ்வளவுதான் சொன்னார்கள், ஊரே போனது.

பால்கனி டிக்கெட்:

தாமிரபரணி அக்கா, உங்கள் அம்மா கையைப் பிடித்ததைப் படித்துவிட்டு வீட்டில் சத்தமாக வாசித்துக் காட்டினேன்.

ஓபனிங் சொன்ன வாய்வழி விஷயம் என் கண்ணால் பார்த்தது. 20ஆம் தேதி லப்பர் பந்து பாதி ஹால். ஒன்பது நாள் கழித்து ஞாயிறு மாலைக் காட்சி, அதே தியேட்டர், பெரிய ஸ்கிரீனுக்கு மாற்றியிருந்தார்கள், எங்களுக்கு நாலு டிக்கெட் சேர்ந்தாற்போல் கிடைக்கவில்லை, ரெண்டு ரெண்டாகப் பிரிந்து உட்கார்ந்தோம். வாசலில் பெரிய கட்அவுட் இல்லை, பட்டாசு இல்லை. இடைவேளையில் கேன்டீன் வரிசையில் நின்ற அத்தனை பேரும் கெத்து மாதிரி ஒருத்தர் தங்கள் ஊரில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தன் மாமனாரையே சொன்னார், மாமனார் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார், ஐஸ்கிரீம் கப்போடு.

ஆனால் இதற்கெல்லாம் நேரம் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை வந்த படத்துக்கு திங்கட்கிழமையே தீர்ப்பு சொல்லி ஸ்கிரீனைப் பிடுங்கினால் வாய்வழிச் செய்தி எப்படி நடந்து வந்து சேரும்? மெய்யழகனோடு அதே நாளில் தேவராவும் வந்தது, அதற்கு முன்னால் கோட் ஓடிக்கொண்டிருந்தது, இப்போது வேட்டையன். நான் ரஜினி ரசிகன்தான், 10ஆம் தேதி காலை 9 மணிக் காட்சிக்கு டிக்கெட் தேடிக்கொண்டிருக்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன். இந்த ரெண்டு படத்துக்கும் ஆளுக்கொரு மாலைக் காட்சியை மட்டும் விட்டு வைத்தால் போதும் என்பதுதான் என் ஆசை. மாலைக் காட்சிக்குத்தான் குடும்பம் வரும், காலையில் யார் வருவார்கள்.

இரவுக்காட்சி:

நான் மறுபடி போனேன். சொல்லாமல்தான் போனேன், பிடிக்கவில்லை என்றால் எழுதாமல் இருந்துவிடலாம் என்று.

ஞாயிறு மாலை, தனியாக. வெட்டிய படம். எனக்கு இதுதான் சரியான நீளம், பால்கனி, இதில் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன். இப்போதும் ஆற்றோரம் உட்கார்ந்து பேசுகிற இடத்தில் இன்னும் ஐந்து நிமிடம் எடுத்திருக்கலாம்.

ஆனால் போன தடவை என்னோடு வந்தவர்கள் நெளிந்ததால் நானும் நெளிந்துவிட்டேன் என்பது இந்தத் தடவை புரிந்தது. தனியாகப் பார்த்தபோது கார்த்தியை விட்டுவிட்டு அரவிந்த்சாமியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவை "அத்தான்" என்று கூப்பிடும்போதும் அவர் முகத்தில் ஒரு சின்னச் சுருக்கம் வருகிறது. இவன் பெயர் என்ன, இவன் பெயர் என்ன என்று உள்ளே தேடுகிற முகம். முதல் பாதியில் அது கூச்சம். ராத்திரி ஏற ஏற அது குற்ற உணர்ச்சியாக மாறுகிறது. அதை நான் போன தடவை கவனிக்கவே இல்லை, வசனத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எங்கள் தாத்தா வீடு மன்னார்குடியில் இருந்தது. விற்றுவிட்டோம், நான் எட்டாவது படிக்கும்போது. இப்போது அங்கே மாடி வைத்துக் கட்டிவிட்டார்கள் என்று சொல்கிறார்கள், போய்ப் பார்த்ததில்லை.

வெண்ணாற்றங்கரை:

மன்னார்குடியா! எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம்தானே. எந்தத் தெரு? மேலவீதிப் பக்கமென்றால் எனக்கு அங்கே ஆட்கள் உண்டு, கூடவே வருகிறேன். ஆயுத பூஜைக்கு நான் ஊருக்கு வருகிறேன், சனிக்கிழமையும் இருப்பேன்.

இரவுக்காட்சி:

கோபாலசமுத்திரம். கீழவீதிக்குப் பக்கத்தில் என்று ஞாபகம், அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன். சனிக்கிழமை வரப் பார்க்கிறேன்.

பால்கனி டிக்கெட்:

ரெண்டு பேரும் போய்விட்டு வந்து இங்கே எழுதுங்கள்.

எங்கள் பக்க நிலவரம்: லப்பர் பந்து புதன்கிழமை வரை மாலைக் காட்சி இருக்கிறது, வியாழனிலிருந்து எதுவும் போடவில்லை. மெய்யழகன் புதன் ராத்திரிக் காட்சி ஒன்று காட்டுகிறது, முன் வரிசை தவிர மற்றதெல்லாம் நிறைந்துவிட்டது. என் சித்தப்பா மகளும் மாப்பிள்ளையும் திருச்சிக்கு வருகிறார்கள், கல்யாணத்துக்கு அப்புறம் இப்போதுதான் எங்கள் வீட்டுக்கு முதல் தடவை. முன் வரிசையிலேயே நாலு டிக்கெட் எடுத்துவிட்டேன், கழுத்து வலித்தாலும் பரவாயில்லை.